300ஐப் பார்க்காதீர்கள், 18ஐப் பாருங்கள்



"டீச்சர், புதுசா கேமரா வாங்கப் போறேன். எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஒரே லென்ஸா சொல்லுங்க." இந்த ஒரு மாதத்தில் இதையே நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். இரண்டு பேர் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர்கள். ஒருவன் என் நாத்தனார் பேரன். இன்னொருத்தி சென்னையில் இருக்கும் என் தங்கை மகள். ஓய்வு பெற்ற பிறகு நான் கேமராவும் கையுமாகத் திரிவது உங்களுக்கெல்லாம் தெரிந்துபோனதால் வந்த வினை இது. ஆளுக்கொரு வாய்ஸ் மெசேஜ் போட்டுத் தொண்டை கட்டிக்கொண்டது. எல்லோருக்கும் சேர்த்து இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பீரியட் முடிகிற மணி இங்கே அடிக்காது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கிற கேமராக்கள் எல்லாமே ஏபிஎஸ்-சி என்ற அளவு சென்சார் உள்ளவை. அந்தக் கேமராவை வீட்டுக்கென்று வாங்குகிறவர்களுக்கு 18 மி.மீட்டரில் தொடங்கி 135, 140, 150 என்று எங்காவது முடிகிற ஒரு ஜூம் போதும். 300 வரை இழுக்கும் லென்ஸ் வேண்டாம். கடையில் சலுகை விலையில் தருகிற இரட்டை லென்ஸ் பெட்டியும் வேண்டாம். மிச்சப்படும் காசில், ஜூம் இல்லாத, வெளிச்சம் நிறைய வாங்குகிற சின்ன லென்ஸ் ஒன்றைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம்.

ஏன் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் தலையாட்டுகிற பிள்ளைகளை எனக்கு அப்போதும் பிடிக்காது.

லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் பெட்டியில் இருக்கும் இரண்டு எண்களில் பெரிய எண்ணைத்தான் பார்க்கிறார்கள். "இது எவ்வளவு தூரம் இழுக்கும்?" என்பதுதான் முதல் கேள்வி. கடைக்காரரும் வாசலுக்குப் போய் எதிர்ச்சாரிக் கடையின் பெயர்ப்பலகையை இழுத்துக் காட்டுவார். எழுத்து பளிச்சென்று தெரியும். நாமும் மயங்கிவிடுவோம். ஆனால் வாங்கி வந்த பிறகு எத்தனை தடவை நாம் எதிர்ச்சாரிப் பெயர்ப்பலகையைப் படம் எடுக்கப் போகிறோம்? நம் வாழ்க்கையில் படம் எடுக்க வேண்டியவை பெரும்பாலும் பத்தடி தூரத்துக்குள், நாலு சுவருக்குள், சாயங்காலத்துக்குப் பிறகுதான் நடக்கின்றன.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பயப்பட வேண்டாம், ஏழாம் வகுப்பு விகிதக் கணக்குதான். நீங்கள் நிற்கும் தூரத்தை 23.5ஆல் பெருக்குங்கள். வந்ததை லென்ஸின் மி.மீட்டரால் வகுங்கள். அந்தத் தூரத்தில் எத்தனை அடி அகலம் படத்தில் அடங்கும் என்பது கிடைத்துவிடும். 23.5 என்பது சென்சாரின் அகலம், மி.மீட்டரில். கேனான் வைத்திருப்பவர்கள் 22.3 என்று போட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வீட்டு முன்னறையில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றால் எதிரே நிற்பவர்களுக்கும் நமக்கும் பத்தடி கிடைத்தால் பெரிசு. 18 மி.மீட்டரில் பத்தடிக்குப் பதின்மூன்று அடி அகலம் அடங்கும். ஆளுக்கு ஒன்றரை அடி வைத்தால் எட்டுப் பேர் தோளோடு தோள் நிற்கலாம். 24இல் தொடங்கும் லென்ஸ் என்றால் பத்தடி அகலம்கூட வராது, ஆறு பேர்தான். மீதி இரண்டு பேர் யார் என்று உங்களுக்கே தெரியும். ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் அத்தையும், "நான் எதுக்கு, நீங்க எடுத்துக்கோங்க" என்கிற மாமாவும். 24-105 என்று ஒரு லென்ஸ் இருக்கிறதே, பெரிய சென்சார் கேமராவுக்காகச் செய்தது, அதை "நாளைக்குப் பெரிய கேமரா வாங்கினாலும் உதவும்" என்று சொல்லிச் சின்ன சென்சார்காரர்கள் தலையில் கட்டுகிறார்கள். நல்ல லென்ஸ்தான். உங்கள் முன்னறைக்கு அது ஆகாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கேமராவில் 18 என்பது பழைய பிலிம் கேமராக் கணக்கில் 27. உங்கள் கையில் இருக்கும் போனின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் அதே கணக்கில் 24க்கும் 26க்கும் நடுவே இருக்கும். அதாவது 18இல் எடுத்தாலே போனைவிடக் கொஞ்சம் குறுகலாகத்தான் தெரியும். "கேமராவுல கூட்டம் அடங்க மாட்டேங்குது, போனே தேவல" என்று பலர் புலம்புவதன் காரணம் இதுதான். 16இல் தொடங்கும் லென்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் 16இல் தொடங்கி 140 வரை போகிற லென்ஸுக்கு அலைய வேண்டாம். 18 நமக்குப் போதும், 18க்கு மேலே தொடக்கம் ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்து தூரத்து எண்ணுக்கு வருகிறேன். பேரன் பேத்திகளின் பள்ளி ஆண்டுவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் இருக்கைகளில் நடுவரிசை, மேடைக்கு நாற்பது அடி. சென்சாரின் உயரம் 15.7 மி.மீ. அதே கணக்கை உயரத்துக்குப் போட்டால் 140 மி.மீட்டரில் நாலரை அடி அடங்கும். ஏழு வயதுப் பிள்ளையின் உயரம் நாலடிக்குப் பக்கம். கிரீடத்திலிருந்து சலங்கை வரை முழுப் பிள்ளையும் படம் நிறைய வந்து நிற்கும். 300இல் என்றால் இரண்டடிதான், இடுப்போடு நின்றுவிடும். அபிநயம் பிடிக்கிற கையும் காலும் இல்லாமல் நடனப் படத்தை வைத்து என்ன செய்வது?

"அப்போ கூந்தன்குளம் பறவைகள், டீச்சர்?" நல்ல கேள்வி. எனக்கும் ஆசை உண்டு. கரையிலிருந்து நூற்றைம்பது அடி தள்ளி ஒரு மஞ்சள்மூக்கு நாரை நிற்கிறது என்று வையுங்கள். அதன் உயரம் மூன்றடி. 140இல் படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தெரியும். 300இல் ஐந்தில் இரண்டு பங்கை எட்டிப் பார்க்கும், எட்டாது. பறவைக்கென்றே விடிகாலையில் வந்து நிற்கிறவர்கள் 150-600 என்று இரண்டு கிலோ அளவுள்ள லென்ஸை ஏன் சுமக்கிறார்கள் என்பது அப்போது புரியும். 300 என்பது வீட்டுக்கு அதிகம், பறவைக்குக் குறைவு. இரண்டுங்கெட்டான். பறவைதான் உங்கள் ஆசை என்றால் அதற்கென்று தனியாகச் சேர்த்து வைத்து வாங்குங்கள், நான் தடுக்கவில்லை.

எடையும் இருக்கிறது. டாம்ரான் 18-300 சோனிக்கும் ஃபியூஜிக்கும் 2021இல் வந்தது, 620 கிராம். நிக்கான் 18-140 வெறும் 315 கிராம், கேனான் 18-150 310, சோனி 18-135 325. நான் வைத்திருப்பது நிக்கான் இசட் 50, அதில் இந்த 18-140. பேருந்தில் போகும்போது தோள்பையில் சாப்பாட்டு டப்பாவோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும். அறுபதைத் தாண்டிய கழுத்துக்கு முந்நூறு கிராம் என்பது சின்ன விஷயம் இல்லை. கனமான கேமராவை முதல் மாதம் எல்லோரும் தூக்கிக்கொண்டு போவார்கள். ஆறாவது மாதம் அது பீரோவில் இருக்கும்.

பீரோ என்றதும் இரட்டை லென்ஸ் பெட்டி நினைவுக்கு வருகிறது. நிக்கானில் 16-50ம் 50-250ம் சேர்த்துத் தருகிறார்கள். கேனான் ஆர் 50க்கு 18-45ம் 55-210ம். காகிதத்தில் பார்த்தால் எல்லாத் தூரமும் அடங்கிவிட்டது, விலையும் மலிவு. படத்தின் தெளிவிலும் குறை சொல்ல முடியாது. 16-50 வெறும் 135 கிராம், சுருக்கினால் உள்ளங்கையில் அடங்கும். அதைத் தனியாக வைத்துக்கொள்வேன் என்றால் நான் கைதட்டுவேன். சிக்கல் அந்த இரண்டாவது லென்ஸில்தான். காதுகுத்து நடக்கிறது. தாய்மாமன் மடியில் பிள்ளை. ஆசாரி ஊசியை எடுக்கிறார். அந்த நேரத்தில் ஒரு லென்ஸைக் கழற்றி, மூடி போட்டு, அடுத்ததை மாட்டி நிமிர்வதற்குள் பிள்ளை அழுது முடித்து மிட்டாய் தின்றுகொண்டிருக்கும்.

மாட்டும் இடத்தையும் பாருங்கள். கண்ணாடி இல்லாத இந்தப் புதுக் கேமராக்களில் பலவற்றில் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் திறந்துதான் கிடக்கும். ஆனி ஆடிக் காற்று நம் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. செம்மண் புழுதி ஒரு துகள் உள்ளே போனால் அதற்குப் பிறகு எடுக்கும் படங்களின் வானத்தில் எல்லாம் ஒரு கரும்புள்ளி. அதனால் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், மாட்டியதைக் கழற்றுவதே இல்லை. இரண்டாவது லென்ஸ் உறையோடு பீரோவில் தூங்குகிறது. பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

இனி வெளிச்சம். இதுதான் முக்கியம், இதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை.

லென்ஸின் மேல் எஃப் 3.5-6.3 என்று எழுதியிருக்கும். சின்ன எண் என்றால் ஜன்னல் பெரிசாகத் திறக்கிறது என்று பொருள். 18இல் எடுக்கும்போது 3.5. ஜூமை இழுக்க இழுக்க எண் ஏறிக்கொண்டே போய் 6.3இல் நிற்கும். இரண்டையும் வகுத்து வர்க்கப்படுத்தினால் 3.2 சொச்சம் வரும். அதாவது முழுக்க இழுத்தபின் உள்ளே வருவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வெளிச்சம். பகலில் வெளியே இது ஒரு பொருட்டே இல்லை. ஊர் அம்மன் கோயில் கொடையில், நடுச்சாமத்தில், தீப்பந்த வெளிச்சத்தில் சாமியாடியை இழுத்து எடுக்க முயன்றவர்களுக்குத் தெரியும், முகம் இருக்கும் இடத்தில் ஒரு இழுவை மட்டும் இருக்கும். அந்த இடத்தில் ஜூமைச் சுருக்கிக்கொண்டு நாலடி முன்னால் போவதுதான் வழி. வில்லுப்பாட்டுக்காரர்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையமாட்டார்கள், அவர்களைப் பக்கத்தில் போய் எடுக்கலாம். சாமியாடியிடம் மட்டும் கொஞ்சம் பார்த்து.

லென்ஸில் நடுக்கம் அடக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, என்னைப் போன்ற கைகளுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அது நம் கை நடுக்கத்தை அடக்கும், ஓடுகிற பிள்ளையை நிறுத்தி வைக்காது. நல்ல ட்யூப் லைட் எரிகிற கூடத்தில், ஐஎஸ்ஓ 3200 வைத்து, எஃப் 6.3இல் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு விநாடி கிடைக்கும். ஐம்பதில் ஒரு விநாடிக்குள் மூன்று வயதுப் பிள்ளை கையை எங்கேயோ கொண்டுபோய்விடும். அதே இடத்தில் எஃப் 1.8 என்றால் அறுநூறில் ஒரு விநாடி. ஓட்டம் அப்படியே நிற்கும். இல்லையென்றால் ஐஎஸ்ஓவை 800க்கு இறக்கி, மணல் தூவிய மாதிரிப் புள்ளி விழாத படமாக எடுக்கலாம்.

அதனால்தான் பின்னால் ஒரு சின்ன லென்ஸ் வாங்குங்கள் என்கிறேன். நிக்கானில் 24 மி.மீ. எஃப் 1.7 ஒன்று இருக்கிறது, 135 கிராம்தான், வீட்டுக்குள் நாலைந்து பேரை எடுக்க நல்லது. கேனானில் 50 மி.மீ. எஃப் 1.8, 160 கிராம். பத்தடியில் நாலரை அடி அகலம்தான் அடங்கும், அதனால் கூட்டத்துக்கு ஆகாது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியை எடுத்துப் பாருங்கள்.

ஆச்சி என்று எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பெரியம்மை போன வருஷம் தவறினார்கள். எண்பத்துநாலு வயது. மாலை போட ஒரு படம் வேண்டும் என்று தேடினோம். குடும்பத்தில் கேமரா இல்லாமல் இல்லை, போன் இல்லாத ஆளே கிடையாது. ஊட்டி மலை இருக்கிறது, குற்றால அருவி இருக்கிறது, விமானத்தின் இறக்கைகூட இருக்கிறது. பெரியம்மை இருந்தது ஒரு கல்யாணக் கூட்டப் படத்தின் ஓரத்தில். அதை வெட்டிப் பெரிசாக்கியபோது முகம் கரைந்துபோய், பக்கத்தில் நின்றவரின் தோள் பாதி அப்படியே தெரிந்தது. ஸ்டூடியோக்காரத் தம்பி அந்தத் தோளை நீல வர்ணமாக்கி மறைத்துக் கொடுத்தார். இப்போது சுவரில் அந்தப் படம்தான் இருக்கிறது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. வீட்டுக்குள் எடுத்தால் கலங்கித்தான் வரும் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம், அதனால் வீட்டுக்குள் இருந்தவர்களை யாரும் எடுக்கவில்லை. எத்தனை வீட்டுச் சுவரில் ஆதார் அட்டைப் படம் மாலையோடு தொங்குகிறது, நீங்களே எண்ணிப் பாருங்கள். லென்ஸ் வாங்கும்போது நூறடித் தூரத்தை விட்டுவிட்டு எட்டடித் தூரத்தை நினையுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

ஜூம் என்றாலே இளக்காரமாகப் பேசுகிற ஒரு கூட்டமும் இருக்கிறது. என் மாணவர்களிலேயே இரண்டு பேர் உண்டு, பெயர் சொல்லவில்லை, படித்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். "ஜூம்ல ஷார்ப்னெஸ் வராது டீச்சர், காலால நடந்து போங்க" என்பார்கள். ஒரு காலத்தில் அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. 35 மி.மீ. கேமராவுக்கு முதல் ஜூம் 1959இல் வந்தது, வோய்க்ட்லாண்டர் ஜூமார் 36-82. டாம்ரான் 28-200 என்று ஒரே லென்ஸில் எல்லாவற்றையும் அடக்கி விற்றது 1992இல். அந்தக் காலத்து ஜூம்களில் ஓரம் மங்கும், கோடு வளையும். இன்றைக்கும் 18இல் கதவுநிலையை எடுத்தால் லென்ஸ் வளைக்கத்தான் செய்கிறது. ஆனால் கேமராவே அதைத் திருத்திவிடுகிறது. நம் படங்களை போனில் பார்க்கப் போகிறோம், மிஞ்சினால் ஆல்பத்தில் ஒட்டப் போகிறோம். அதற்கு இந்தத் தெளிவு தாராளம். மடியில் பேரனை வைத்துக்கொண்டு காலால் நடந்து போய் எடுக்க முடியாது தம்பிகளா.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் நான் சொன்னது பொருந்தாது. என்னிடம் படித்த ஒரு பையன் சோனி கேமரா வைத்துச் சடங்கு, வளைகாப்பு, சின்னக் கல்யாணங்கள் எடுத்துப் பிழைக்கலாம் என்று இறங்கியிருக்கிறான். 18-135 வாங்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். தொழிலுக்குப் போகிறவனுக்கு "எல்லாத்துக்கும் ஆகிற லென்ஸ்" என்பதன் அர்த்தமே வேறு. அவன் வேலை முழுக்க மண்டபத்துக்குள், இரவில். அவனுக்கு எல்லா மி.மீட்டரிலும் எஃப் 2.8 நிற்கிற ஜூம் வேண்டும். சிக்மா 18-50 இருக்கிறது, 290 கிராம்தான். டாம்ரான் 17-70 இன்னும் கொஞ்சம் இழுக்கும், 525 கிராம், நடுக்கம் அடக்கும் வசதியும் அதில் உண்டு. 6.3ஐவிட 2.8இல் ஐந்து மடங்கு வெளிச்சம். அடுத்தவர் கல்யாணத்தில் தாலி கட்டும் படம் கலங்கினால் மறுபடி கட்டச் சொல்ல முடியாது. இந்த ஒன்றை வைத்து ஒரு வருஷம் சம்பாதி, தூரத்து லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொள், அதற்காக அம்மா நகையை அடகு வைக்காதே என்றும் சொன்னேன். நகைக் கடனுக்கு வட்டி மாதாமாதம் ஓடும், முகூர்த்தம் எல்லா மாதமும் வராது.

ஏற்கெனவே கேமராவோடு வந்த சின்ன லென்ஸை வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். கம்ப்யூட்டரில் உங்கள் படங்களைத் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீட்டரில் எடுத்தது என்று பாருங்கள், படத்தின் விவரத்தில் இருக்கும். என்னுடைய குடும்ப விசேஷப் படங்களில் பாதிக்கு மேல் 18க்கும் 35க்கும் நடுவேதான் இருந்தன. உங்களுடையதும் அப்படியானால், உங்களுக்குப் புது ஜூமே தேவையில்லை, அந்தச் சின்ன எஃப் 1.8 லென்ஸை வாங்குங்கள். மாமா தந்தார், சித்தப்பா தந்தார் என்று பழைய நிக்கான் லென்ஸ்கள் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: புது இசட் கேமராவில் மாட்ட எஃப்டிஇசட் என்ற இணைப்பு வேண்டும். மாட்டினாலும் ஏஎஃப்-டி என்று எழுதிய பழைய லென்ஸ்களில் தானாக ஃபோகஸ் ஆகாது.

கடைக்குப் போகும்போது உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். வாசலுக்குப் போகாதீர்கள், கடையின் இருட்டான மூலைக்குப் போங்கள். அங்கே கூட வந்தவர் முகத்தை 18இல், 50இல், கடைசி எண்ணில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய திரையில் பாருங்கள். கூட வருகிற மகனிடமே கடைக்காரர் பேசிக்கொண்டிருந்தால், பணம் தருகிறவர் நீங்கள் என்பதை ஒரு தடவை நினைவுபடுத்துங்கள். நான் அப்படித்தான் செய்தேன், அதன் பிறகு மரியாதையாக "மேடம்" என்றார்.

பழையது வாங்கினால் லென்ஸின் பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்திவலை மாதிரித் தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதீர்கள். புதியதற்கும் அதே கதி வராமல் இருக்க, மழைக்காலத்தில் அதன் தோல் உறையில் வைக்காதீர்கள், ஈரம் கோத்துக்கொள்ளும். இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது காயவைப்பது என்று தெரியும்.

எந்தக் கேமரா, கையில் எவ்வளவு இருக்கிறது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், இந்த மூன்றையும் எழுதிக் கேளுங்கள், பதில் போடுகிறேன். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவேன், அப்போது மட்டும் போன் செய்ய வேண்டாம்.